அசோலா சிவந்து போச்சு, யூரியா போட்டதும் தண்ணி பச்சையாயிடுச்சு

ஓமலூர்_கறவை:
மாட்டுத் தீவனத்துக்கு அசோலா (தண்ணியில மிதக்கிற சின்னப் பெரணிச் செடி) வளர்க்கிறேன். 12க்கு 4 அடி சில்பாலின் (கெட்டி பிளாஸ்டிக் தாள்) தொட்டி, 10 செ.மீ. ஆழத்துக்கு போர் தண்ணி. செம்மண்ணும் சாணியும்தான் போட்டது. மூணு வாரமா அசோலா செங்கல் நிறத்துல இருக்கு. இலை பொடிசு, வேர் மட்டும் நீளம். 50 கிராம் யூரியா கலந்ததும் தண்ணி பச்சைக் குழம்பாயிடுச்சு, அசோலா தேறலைங்க. இன்னும் கொஞ்சம் யூரியா போடணுமா?

பயிர்ச்சத்து:
வேண்டவே வேண்டாம். அசோலா இலைக்குள்ள அனபீனாங்கிற நீலப்பச்சைப் பாசி இருக்கு. காத்துல உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) அதுவே பிடிச்சுக் கொடுத்துடும். உங்க யூரியாவால கொழுத்தது தண்ணியில மிதக்கிற பாசி. சிவப்பு, பொடி இலை, நீள வேர் மூணும் சேர்ந்தா மணிச்சத்துப் (பாஸ்பரஸ்) பஞ்சம்.

அசோலாவை அள்ளி நல்ல தண்ணியில அலசிட்டு, தொட்டித் தண்ணியில பாதியை மாத்துங்க. மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட் 40 கிராமை ஒரு கிலோ சாணியோட 10 லிட்டர்ல கரைச்சு, வடிகட்டி, பரவலா ஊத்துங்க. குருணையா வீசினா அடிமண்ணுலயே தங்கிடும். மிதக்கிற செடிக்கு எட்டாது. அப்புறம் 5 நாளைக்கு ஒருக்கா 25 கிராம் போதும்.

ஏற்காட்டு_மேடு:
ஒரு விஷயம் பாத்துக்குங்க. இங்க மலையில பனிக்காலத்துல சத்து இருந்தாலும் அசோலா சிவக்கும். சுள்ளுனு வெயில் பட்டாலும் அப்படித்தான். அதனால 20 லிட்டர் பக்கெட் ரெண்டு எடுத்து, தொட்டித் தண்ணியும் ஒரு கைப்பிடி அசோலாவும் போடுங்க. ஒண்ணுல மட்டும் 1 கிராம் சூப்பர். ரெண்டையும் ஒரே நிழல்ல வைங்க. ஒரு வாரத்துல சூப்பர் போட்டதுல மட்டும் புதுத் தளிர் பச்சையா வந்தா, மணிச்சத்துதான். ரெண்டுமே பச்சையானா வெயில்தான் காரணம், 50 சதவீத நிழல்வலை கட்டுங்க.

போர் தண்ணி உப்பா, சுண்ணாம்பா இருந்தா பி.எச். (தண்ணியோட அமில, கார அளவு) பாருங்க. 8ஐத் தாண்டினா சுண்ணாம்பு மணிச்சத்தைக் கட்டிப்போட்டுடும், இரும்புச்சத்தும் கிடைக்காது. பச்சைத் தண்ணியில மதியத்துக்கு மேல பி.எச். ஏறும், காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பாக்கணும். மழைத்தண்ணி கலந்தா இறங்கும்.

ஓமலூர்_கறவை:
சூப்பர் கைவசம் இல்லை. டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் போடலாமுங்களா?

பயிர்ச்சத்து:
அதுல 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு, திரும்பவும் பாசிதான் வரும். சூப்பரே வாங்குங்க. தொட்டியிலிருந்து இறைக்கிற தண்ணியைத் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ விடுங்க. சரபங்கா ஆத்துப் பக்கம் போற ஓடையில விட்டா, கீழ இருக்கிற ஏரியில ஆகாயத்தாமரைக்கு நாமளே உரம் வெச்ச மாதிரி ஆயிடும்.