காகிதப்பூச் செடி காடாக வளர்கிறது, பூ மட்டும் இல்லை. என்ன செய்யலாம்?

வாசல்செடி:
வணக்கம். மதிலோரம் வரிசையாகக் காகிதப்பூ (போகன்வில்லா) வைத்திருக்கிறோம். வறட்சி தாங்கும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். பகலில் முக்கால்வாசி நேரம் வெயில் விழுகிறது. ஆள் உயரத்துக்கு நீள நீளமாகக் கிளை விடுகிறது, முள்ளும் கனமாக இருக்கிறது, பூ ஒன்றுகூட இல்லை. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்வதால் தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றுகிறோம். யூரியாவும் போடுகிறோம். பிடுங்கிவிட்டு வேறு செடி வைக்கலாம் என்கிறார்கள் வீட்டில்.

முள்வேலி:
தயவுசெய்து பிடுங்காதீர்கள். இரண்டு கேள்வி. பக்கத்தில் புல்தரை இருக்கிறதா? செடியடியில் இரண்டு அங்குலம் விரலை விட்டால் மண் எப்படி இருக்கிறது?

வாசல்செடி:
புல்தரையை ஒட்டித்தான் செடிகளே இருக்கின்றன. விரலில் சேறு ஒட்டுகிறது.

முள்வேலி:
அதுதான் விஷயம். புல்லுக்குப் பாயும் தண்ணீரே இதற்கு அதிகம், அதற்கு மேல் தினமும் வேறு ஊற்றுகிறீர்கள். தண்ணீர் குறைந்தால் இலை முதலில் தொய்யும். மண் ஈரமாக இருந்தும் மஞ்சளாகி உதிர்ந்தால் வேருக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். யூரியாவில் இருப்பது தழைச்சத்து. இலையையும் கிளையையும்தான் தள்ளும். இந்தச் செடியில் முள்ளும் பூங்கொத்தும் இலைக்கணுவில் ஒரே இடத்தில் வருபவை. ஈரமும் தழைச்சத்தும் மிஞ்சினால் அங்கே முள்தான் வரும்.

யூரியாவை நிறுத்துங்கள். மேல் மண் நன்றாகக் காய்ந்து, துளிர் லேசாகத் தொய்ந்த பிறகு ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். மறுபடி காய விடுங்கள்.

செம்மண்மேடு:
தரையோடு வெட்டிவிட்டால் புதிதாக வந்து பூக்குமே?

முள்வேலி:
வேர் ஏற்கெனவே நொந்திருக்கும்போது அது வேண்டாம். நீண்ட கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டிக் கவாத்து செய்தால் போதும். பூ வருவது புதுத் துளிரில்தான். துளிர் ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை பிரியும்.

வாசல்செடி:
செடிகளை இடம் மாற்றிவிடலாமா?

முள்வேலி:
வேண்டாம். இதன் வேர் மெல்லியது, வேரைச் சுற்றியுள்ள தாய்மண் உடைந்தால் பிழைப்பது கஷ்டம். செடியை விட்டுவிட்டுப் புல்லை நகர்த்துங்கள். செடியடியிலிருந்து இரண்டடிக்குப் புல்லை எடுத்துவிட்டு, ஓரத்தில் செங்கல் வரிசை பதித்து, உள்ளே சரளை பரப்புங்கள். புல்தரைத் தண்ணீர் அங்கே தேங்காதபடி தரைச் சரிவு செடியிலிருந்து வெளிப்பக்கமாக இருக்கட்டும்.

செம்மண்மேடு:
ஒன்று சேர்க்கிறேன். இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தானாகச் சுவரைப் பிடிக்காது. கம்பி இழுத்துக் கட்டினால்தான் மதிலில் படரும். நடைபாதைப் பக்கம் நீளும் கிளையை உடனே வெட்டுங்கள், குழந்தைகளின் கண் உயரத்தில் முள் இருக்கும்.

வாசல்செடி:
நன்றி. நாளையே புல்லை எடுக்க ஆரம்பிக்கிறோம். பூ எப்போது எதிர்பார்க்கலாம்?

முள்வேலி:
துளிர் முற்ற ஒன்றிரண்டு மாதம் ஆகும். நடுவில் கொஞ்சம் இலை கொட்டும், அதற்காகத் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள்.