ஹைலே கெரிமா: வகுப்பறை அவருடைய படங்களைத் தின்றதா?

வடகரை:
ஹைலே கெரிமாவைக் குறிப்பிடும் கட்டுரைகள் எல்லாம் அவரை இயக்குநர் என்றும் பேராசிரியர் என்றும் ஒரே மூச்சில் புகழ்கின்றன. இரண்டாவது பணிக்காக முதலாவது எவ்வளவு இழந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எத்தியோப்பியாவின் கோண்டாரில் 1946இல் பிறந்து, 1967இல் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸில் திரைப்படம் பயின்ற அவர், 1975 முதல் பல பத்தாண்டுகள் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1971க்கும் 1982க்கும் இடையில் குறும்படம், ஆவணப்படம், கதைப்படம் என ஆறு படங்களை எடுத்தவர், அடுத்த கதைப்படமான ‘சங்கோஃபா’வை 1993இல்தான் வெளிக்கொணர்ந்தார், அதற்கடுத்த ‘தேசா’வுக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் 11 ஆண்டுகள், பிறகு 15 ஆண்டுகள். இவ்வளவு பெரிய கலைஞர் தம் நடுவயதை விடைத்தாள்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்பதே என் வருத்தம்.

தறிகாரன்:
வடகரை அவர்களே, உங்கள் ஆண்டுக்கணக்கு சரி. அதற்குச் சொல்லும் காரணம்தான் பொருந்தவில்லை. நீங்கள் எண்ணிய ஆறு படங்களில் ‘வில்மிங்டன் 10’ ஆவணப்படமும் (1979) ‘ஆஷஸ் அண்ட் எம்பர்ஸ்’ கதைப்படமும் (1982) அவர் ஹோவர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்டவை. அதற்கு முந்தைய ‘புஷ் மாமா’வோ அவர் மாணவராக இருந்தபோது பட்டத்துக்காகச் செய்த படம். அதன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் இரண்டு கறுப்பின இளைஞர்களை நிறுத்திச் சோதனை போடும் காட்சி நடிப்பன்று; படப்பிடிப்புக் குழுவினரையே போலீசார் மறித்தபோது ஓடிக்கொண்டிருந்த கேமராவில் பதிவானது. கல்விக்கூடம் இல்லையென்றால் அப்படத்துக்குக் கேமராவே கிடைத்திராது.

‘சங்கோஃபா’ தாமதமானதற்குப் பணம்தான் காரணம். கானாவின் கேப் கோஸ்ட் கோட்டையில் ஒப்பனையும் உடையுமாகப் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருக்கும் இன்றைய மாடல் அழகி ஒருத்தி, அதே கோட்டையின் நிலவறைக்குள் இறங்கி, சங்கிலியிட்ட அடிமையாகக் கடந்த காலத்துக்குள் விழுகிறாள். அடிமைகளின் கிளர்ச்சியை அவர்கள் பக்கமிருந்து சொல்லும் அந்தக் கதைக்கு அமெரிக்காவில் பணம் போட யாரும் முன்வரவில்லை. பல ஆண்டுகள் அலைந்து ஜெர்மனி, கானா, புர்கினா ஃபாசோ எனப் பல இடங்களிலிருந்து திரட்டினார். 1993இல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற பிறகும் அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதைத் தொடவில்லை. கெரிமாவும் அவருடைய மனைவியும் இயக்குநருமான ஷிரிகியானா ஐனாவும் வாஷிங்டனில் தாங்களே திரையரங்கை வாடகைக்கு எடுத்துத் திரையிட்டார்கள். மற்ற நகரங்களில் கறுப்பினச் சமூக அமைப்புகள் அப்படத்தைத் தம் தோளில் சுமந்தன. மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று கையில் இல்லாதவர் இவ்வளவு காலம் ‘முடியாது’ என்று ஹாலிவுட்டிடம் சொல்லியிருக்க இயலுமா?

பொன்னி:
நான் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பாடம் நடத்துகிறேன். ஆகவே இதில் வடகரை ஐயாவின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நேரம் போவதைச் சமாளித்துவிடலாம். செமஸ்டர் முடிவில் நாற்பது மாணவர் குறும்படங்களை அடுத்தடுத்துப் பார்த்து, இந்த வெட்டு இரண்டு நொடி தாமதம், இந்த வசனம் தேவையில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு இரவில் என் திரைக்கதையைத் திறந்தால், அதுவும் இன்னொரு மாணவரின் வேலையாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. குறை மட்டுமே தென்படுகிறது. சம்பளம் சுதந்திரம் தருகிறது என்று தறிகாரன் அவர்கள் எழுதுவது உண்மை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்த மாலையில் கொஞ்சம் தெம்பு மிஞ்ச வேண்டும் என்பதையும் அவர் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஆனால் ஒன்று. பூனா திரைப்படக் கல்லூரியில் வங்க இயக்குநர் ரித்விக் கட்டக் கற்பித்தது சிறிது காலமே. அவரிடம் பயின்ற ஜான் ஆபிரகாம் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை (1977) எடுத்தார், பிறகு கேரளத்தில் மக்களிடம் நன்கொடை திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். கட்டக் எடுக்காமல் போன படங்களை எண்ணும்போது இவற்றைக் கணக்கின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வடகரை:
பொன்னி சொன்னதால் மாணவர் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஹாலிவுட்டை வாழ்நாள் முழுவதும் மறுத்த ஆசிரியரின் மாணவர்கள் எங்கே போனார்கள்? ஹோவர்டில் கட்டடக்கலை படிக்க வந்து கெரிமாவின் வகுப்பில் அமர்ந்த எர்னஸ்ட் டிக்கர்சன், இயக்குநர் ஸ்பைக் லீயின் ஒளிப்பதிவாளராகிப் பிறகு வணிகப் படங்களையும் இயக்கினார். அவரிடம் பயின்ற இன்னொரு ஒளிப்பதிவாளர் பிராட்ஃபோர்ட் யங் ‘அரைவல்’ (2016) படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். இருவரும் திறமைசாலிகள், மறுக்கவில்லை. எதிர்த்து நின்ற கோட்டைக்கு ஆள் அனுப்பிவைத்ததுபோல் அல்லவா ஆகிவிட்டது?

தறிகாரன்:
கோட்டைக்குள் போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்றும் பார்க்க வேண்டும். வெள்ளைத் தோலை அளவாக வைத்து வெளிச்சம் அமைக்கும் பழக்கம் ஊறிய துறையில், ‘செல்மா’வின் (2014) மங்கலான அறைகளில் கறுத்த முகங்களைச் செயற்கையாக வெளிறடிக்காமல், இருளோடு இருளாகவே உயிர்ப்புடன் காட்டியவர் யங். ஹோவர்டின் இன்னொரு மாணவர் ஆர்தர் ஜாஃபா, ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ (1991) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2019இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தங்கச் சிங்கம் பெற்றார். அவர் போன வழி ஹாலிவுட் வழியன்று.

உங்கள் பட்டியலில் விடுபட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் கெரிமா எடுத்த ஆவணப்படம், அதே ஹோவர்டில் 40 ஆண்டுகள் கற்பித்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுனைப் பற்றியது. 1999இல், இத்தாலியை எத்தியோப்பியா வென்ற 1896ஆம் ஆண்டுப் போரைப் பற்றி ‘அட்வா’ வந்தது. கதைப்படங்களை மட்டும் எண்ணினால்தான் அந்த ஆண்டுகள் வெறுமையாகத் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஜார்ஜியா அவென்யூவில், அவரும் ஐனாவும் நடத்தும் ‘சங்கோஃபா’ என்ற புத்தகக் கடையும் இருக்கிறது. வகுப்பு முடிந்து சாலையைக் கடந்தால் போதும், பேச்சு அங்கே தொடரும்.

வடகரை:
ஆவணப்படங்களை விட்டது என் பிழை. முதல் பதிவிலேயே திருத்தியிருக்க வேண்டும். ஜாஃபாவைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். ஆயினும் ‘தேசா’வைப் பார்த்தவன் என்ற முறையில் என் வருத்தம் முழுதாகத் தீரவில்லை. ஜெர்மனியில் படித்த அறிவாளி ஒருவன் உடலும் மனமும் முறிந்து தாயின் கிராமத்துக்குத் திரும்பும் அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்புப் பரிசும் சிறந்த திரைக்கதைக்கான விருதும் பெற்றது. அடுத்த ஆண்டு புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் நடக்கும் ஃபெஸ்பாகோ என்ற ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான தங்கக் குதிரையை வென்றது. 62 வயதில் அப்படி ஒரு படம் எடுக்கக்கூடியவர் 52 வயதில் எடுத்திருக்க வேண்டியது எது என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

பொன்னி:
ஐயா, அந்தப் படத்தின் நாயகனும் கடைசியில் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் உட்காருகிறான். இன்னொரு முறை பாருங்கள்.