அமெரிக்கக் கல்லூரிகளில் பல்பண்பாட்டு சொராரிட்டிகள் தேவைதானா?

கரிசல்காடு எழுதியது:

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் மாணவியர் சங்கங்களைச் சொராரிட்டி என்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் தொடரும் உறுப்பினர் உரிமையும் ரகசியச் சடங்குகளும் ‘சகோதரி’ என்ற உறவுமுறையும் கொண்டவை அவை. அவற்றுள் 1981இல் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ம்யூ சிக்மா உப்சிலான் தொடங்கப்பட்டதிலிருந்து ‘பல்பண்பாட்டு சொராரிட்டி’ என்று ஒரு தனி வகை உருவாகியிருக்கிறது. நம்மவர் பிள்ளைகளும் இவற்றில் சேர்வதால் இங்கே பேசத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

எந்த இனத்தவரும் எந்தச் சமயத்தவரும் சேரலாம் என்பது ஒரு மாணவர் சங்கத்திடம் நாம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஒழுங்கு. அதையே ஒரு சங்கம் தன் தனி அடையாளமாக அறிவித்துக்கொண்டால், மற்றவற்றுக்கு அந்தக் கடமை கிடையாது என்று நாமே விட்டுக்கொடுத்ததாக ஆகாதா? அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எல்லா வகையிலும் தகுதியுள்ள ஒரு கறுப்பின மாணவியைச் சேர்த்துக்கொள்ள உறுப்பினர்கள் சிலர் விரும்பியும், முன்னாள் மாணவியர் குறுக்கிட்டுத் தடுத்ததை ‘கிரிம்சன் ஒயிட்’ என்ற மாணவர் செய்தித்தாள் அந்த செப்டம்பரில் வெளியிட்டது. நாடே பேசிய பிறகு, பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்கச் சொன்னார். அதே பருவத்தில் கறுப்பின மாணவியர் சிலர் சேர்ந்தனர். கதவு திறந்தது அந்தக் கதவைத் தட்டியதால்தான். பக்கத்தில் வேறொரு வீடு கட்டியிருந்தால் அது இன்றும் மூடியே கிடந்திருக்கும்.

நியூஜெர்சிக்காரி எழுதியது:

நண்பர் கரிசல்காடு அவர்களே, கதவைத் தட்டியவர்கள் 2013க்கு முன்பு இல்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். சிக்மா கப்பா என்ற சங்கத்தின் கார்னெல், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் கிளைகள் கறுப்பின மாணவியருக்கு இடம் கொடுத்தபோது, அந்தச் சங்கத்தின் தேசியத் தலைமை 1956இல் அவ்விரு கிளைகளையும் இடைநிறுத்தியது. உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்தார்கள்; மேலே இருந்தவர்கள் கிளையையே முடக்கினார்கள். அதற்கும் அலபாமா நிகழ்வுக்கும் இடையில் 57 ஆண்டுகள். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழையும் ஒரு பெண்ணிடம், இன்னொரு தலைமுறை பொறுத்திரு, அவர்கள் திருந்தட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்பண்பாட்டு சொராரிட்டி என்பதை ‘எல்லாரும் சேரலாம்’ என்ற அறிவிப்புப் பலகையாக மட்டும் நீங்கள் பார்க்கிறீர்கள். 1981இல் ரட்கர்ஸில் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளையர் மிகுந்த பழைய சங்கங்கள். இன்னொரு பக்கம் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா முதலிய கறுப்பினச் சங்கங்கள். 1975இல் அதே நியூஜெர்சியின் கீன் கல்லூரியில் தோன்றிய லாம்டா தீட்டா ஆல்ஃபா என்ற லத்தீனா (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள்) சங்கம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் தந்தை கறுப்பினத்தவராகவும் தாய் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவராகவும் உள்ள ஒரு மாணவி, அல்லது கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளி மாணவி, தன்னில் ஒரு பாதியை வாசலில் கழற்றி வைக்காமல் இவற்றில் எதற்குள் போக முடியும்? பல்பண்பாடு என்பது அறைக்குள் எத்தனை இனத்தவர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒரே ஆளுக்குள் பல மரபுகள் இருக்கலாம் என்பதை ஏற்கும் ஏற்பாடும் அதுதான்.

ஆற்றுமணல் எழுதியது:

இருவரும் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே ஆளுக்குள் பல மரபுகள் என்று தோழி சொல்லும்போது நம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் ஒருவரை அவர் ஏன் தவிர்த்தார் என்று தெரியவில்லை. கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தந்தை ஜமைக்காக்காரர். ஹோவர்டில் படித்தபோது 1986இல் கமலா சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். அம்மா வழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டா உள்ளே போனார்? பல ஆண்டுகள் கழித்தும் மேடைகளில் தாயைப் பற்றியும் சென்னையில் இருந்த தாத்தாவைப் பற்றியும் பேசினார். சங்கத்துச் சகோதரிகள் தங்கள் சங்கத்தின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்தி வந்து கைதட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட வரலாற்றில் வேரூன்றிய சங்கம் தன் உறுப்பினரின் மற்ற வேர்களை அறுப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

1998ஆம் ஆண்டையும் பாருங்கள். ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ என்று தெற்காசியப் பெண்களை மையமாகக் கொண்ட மூன்று சொராரிட்டிகள் அந்த ஓர் ஆண்டிலேயே தோன்றின. ம்யூ சிக்மா உப்சிலான் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொதுக்கூரை போதுமானதாக இருந்திருந்தால், தீபாவளியைப் பற்றியும், வீட்டில் திருமணப் பேச்சு எடுக்கும் பெற்றோரைப் பற்றியும், குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றியும் விளக்கவுரை இல்லாமல் பேசுவதற்கு அந்தப் பெண்கள் தனிக்கூரை தேடியிருக்க மாட்டார்கள்.

நியூஜெர்சிக்காரி எழுதியது:

ஹோவர்ட் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகம் என்பதை ஆற்றுமணல் மறந்துவிட்டார். அங்கே படிக்கப் போவது என்ற முடிவிலேயே எந்த வரலாற்றோடு நிற்பது என்பதைக் கமலா ஹாரிஸ் ஓரளவு தேர்ந்துவிட்டார். அவருடைய தேர்வை நான் குறை சொல்லவில்லை. அது எல்லாருக்கும் வாய்க்கும் தேர்வு அல்ல என்கிறேன். தெற்காசிய சொராரிட்டிகளும் தம் விதிகளின்படி தெற்காசியர் அல்லாதவரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே பல்பண்பாட்டுச் சங்கம் தோற்றதால் அவை பிறந்தன என்று கொள்வதைவிட, ஆசியர் பெருமளவில் வர வழி திறந்த 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களின் பெண்கள் தொண்ணூறுகளில்தான் பெருமளவில் கல்லூரி வயதை எட்டினார்கள் என்று கொள்வது பொருந்தும்.

கரிசல்காடு எழுதியது:

உங்கள் இருவரின் வழக்கும் சிறிய சங்கங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. பணமும் வீடும் செல்வாக்கும் எங்கே இருக்கின்றன? 1902இல் தொடங்கிய, பழைய சொராரிட்டிகளின் கூட்டமைப்பான தேசியப் பான்ஹெலெனிக் மாநாட்டின் 26 சங்கங்களிடம்தான். தெற்கு மாநிலங்களில் அவற்றின் மாளிகைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பல்பண்பாட்டுச் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த வீடே கிடையாது. ஒரு கிளையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் பெரிது. பழைய சங்கங்களிலோ தாயோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் மகளுக்கு முன்னுரிமை என்ற வழக்கம் இருந்தது. விண்ணப்பத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமலே வடிகட்டும் கருவி அது; பாட்டி காலத்தில் யாருக்கு அனுமதி இருந்ததோ அவர்களின் பேத்திகளுக்கே இடம். 2020க்குப் பிறகு எழுந்த நெருக்கடியில் பல சங்கங்கள் அதைக் கைவிட்டன. அந்த நெருக்கடியைக் கொடுத்ததில் உள்ளே இருந்த மாணவியருக்குப் பெரும் பங்கு உண்டு. பல நிறத்து முகங்கள் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் படத்துக்குத் தேவைப்படும்போது பல்பண்பாட்டுச் சங்கத்தைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொள்ள முடிகிறது என்பதால், பெரிய சங்கங்கள் மாறவேண்டிய அவசரம் நிர்வாகத்துக்குக் குறைந்துபோகிறது.

ஆற்றுமணல் எழுதியது:

அதோடு ஒன்று. நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரியில் பத்துப் பெண்கள் 1913இல் ஃபை சிக்மா சிக்மாவைத் தொடங்கியபோது, சமய வேறுபாடு பாராமல் யாரையும் சேர்ப்பதே அதன் கொள்கை. அந்தக் காலத்தில் அது துணிச்சலான செயல். இன்று நண்பர் சொன்ன அந்த 26 சங்கங்களுள் அதுவும் ஒன்று. எல்லாரும் கலந்திருப்பதை மட்டுமே அடையாளமாகக் கொண்டவை காலப்போக்கில் பெரும்பான்மைக்குள் கரைந்துவிடும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

பழைய மாணவி எழுதியது:

இந்த விவாதத்தைச் சில நாட்களாக வாசித்து வருகிறேன். நான் ஒரு பல்பண்பாட்டு சொராரிட்டியில் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவள். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பண்பாட்டு விழா, ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடு, கறுப்பினச் சங்கங்களிடமிருந்து கற்றுக்கொண்ட ஸ்டெப் நடனம் இவையெல்லாம் உண்டு. இவற்றைப் பார்த்துவிட்டு வெளியாட்கள் எங்களைப் பாராட்டுவார்கள். உள்ளே எங்களுக்குச் சிக்கல் வந்தது வேறோரிடத்தில்.

2020 மே மாதக் கடைசியில் மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது கல்லூரி மூடிக் கிடந்தது. நாங்கள் பதினோரு பேரும் ஜூமில் கூடி, சங்கத்தின் பெயரால் ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். முதல் வரைவில் ‘எல்லாச் சமூகங்களும் அநீதிக்கு உள்ளாகின்றன’ என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் எல் சால்வடோர் குடும்பத்துப் பெண். அவளுடைய மாமா நாடுகடத்தப்பட்டவர். அவள் அந்த வரியைப் பொய்யாக எழுதவில்லை. எங்களில் இருந்த கறுப்பினச் சகோதரிகள் இருவர் அந்த வரியை நீக்கச் சொன்னார்கள். கொல்லப்பட்டது ஒரு கறுப்பின மனிதர் என்பதைக்கூட நேராகச் சொல்ல முடியாத சங்கத்தில் தங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் பேசினோம். நானும் அன்று பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. தெற்காசியப் பெண்ணாகிய எனக்கு எந்தப் பக்கம் பேச உரிமை இருக்கிறது என்று எனக்கே தெளிவில்லை.

கடைசியில் அந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த பருவத்தில் இருவர் விலகினார்கள்: ஒருத்தி அந்த வரியை எழுதியவள், இன்னொருத்தி அதை நீக்கச் சொன்னவர்களில் ஒருத்தி. ஒவ்வொரு முறையும் விளக்கிச் சொல்லவேண்டியிருப்பது களைப்பாக இருக்கிறது என்று இரண்டாமவள் எனக்கு எழுதினாள். ஆகவே ஆற்றுமணல் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மீதியிருந்த ஒன்பது பேரும் அந்த இரவுக்குப் பிறகு ஒருவரையொருவர் வேறு விதமாகக் கேட்கப் பழகினோம் என்பதும் உண்மை. ரமலான் நோன்பு மாதத்தில் கூட்டத்தை இஃப்தாருக்குப் பிறகு தள்ளி வைப்பதற்கு முன்பெல்லாம் வாக்கெடுப்பு நடக்கும். அதன்பின் யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை.

ஆற்றுமணல் எழுதியது:

தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், அம்மா. ஆனால் விலகிய அந்தக் கறுப்பினப் பெண்ணின் களைப்பைத்தான் நான் முதலிலிருந்தே சொல்லி வருகிறேன். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் அந்த வரியை யாரும் எழுதியிருக்கவே மாட்டார்கள். மீதிப்பேர் பாடம் கற்பதற்கு அவள் ஏன் தன் உழைப்பைக் கொடுக்க வேண்டும்?

நியூஜெர்சிக்காரி எழுதியது:

அந்த வரியை எழுதிய எல் சால்வடோர் பெண்ணும் விலகினாள் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அவளுடைய மாமாவின் கதையைக் கேட்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை போலும். என்னைப் பொறுத்தவரை அந்தச் சங்கம் தவறியது அங்கேதான். ஒரு துயரத்தைப் பெயர் சொல்லிச் சொல்வதற்கு இன்னொரு துயரத்தை ஏன் வரைவிலிருந்து அடிக்க வேண்டும்? இரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கலாமே. பல்பண்பாட்டுச் சங்கம் ஒரே குரலில் பேசியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரே வரலாற்றில் வேரூன்றிய சங்கங்களைப் பார்த்து அந்த வழக்கத்தை இவை கடன் வாங்கிக்கொண்டன. அது இவற்றுக்குப் பொருந்தவில்லை.

பழைய மாணவி எழுதியது:

இரண்டு அறிக்கைகள் என்ற யோசனை அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் முதல் அறிக்கை அந்த இரவே போயிருக்க வேண்டும், இரண்டாவது சில வாரம் பொறுத்து வந்திருக்க வேண்டும்; இரண்டையும் ஒரே நாளில் வெளியிட்டிருந்தால் நீக்கிய அந்த வரியையே வேறு வடிவில் எழுதியதாக ஆகியிருக்கும்.

கரிசல்காடு எழுதியது:

பதினோரு மாணவியர் நள்ளிரவுவரை இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். அதே வளாகத்தில் இருநூறு, முந்நூறு பேர் கொண்ட மாளிகைச் சங்கங்கள் அந்த வாரத்தில் என்ன செய்தன என்பதைப் பழைய மாணவி சொன்னால் நன்றாயிருக்கும். என் கேள்வி இன்னமும் அவர்களை நோக்கித்தான்.

பழைய மாணவி எழுதியது:

தேசியத் தலைமை அனுப்பிய ஒரே வாசகத்தைத் தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டார்கள். அதில் ‘எல்லாச் சமூகங்களும்’ என்ற வரி இருந்தது. அதை நீக்கச் சொல்ல அங்கே யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.