டொராண்டோ: பையனை ஸ்கூல்ல சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. போர்டையே கலைச்சிட்டாங்களா?

மதுரைக்காரி
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கார்பரோவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பையனைச் சேர்க்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்குப் போனேன். ஆபீஸ்ல பேப்பரையெல்லாம் பாத்துட்டு இங்க முடியாதுன்னுட்டாங்க. பேசின வேகத்துல காரணம் எனக்குச் சரியாப் பிடிபடலை. வீட்டுக்கு வந்து சொன்னா, மேல்வீட்டு அக்கா "போர்டை கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, மெம்பருங்க யாருக்கும் இப்ப பவர் இல்லை"ங்கிறாங்க. இன்னொருத்தர் சீட்டு எல்லாமே குலுக்கல்னு சொல்றார். வீட்டுக்காரர் வேலைக்காக வேற ஊர்ல இருக்கார். படிப்பு போகுதேன்னு எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. யாரைப் போய்ப் பாக்கணும்? தயவுசெஞ்சு சொல்லுங்க.

ரூஜ் ராசன்
தங்கச்சி, மேல்வீட்டு அக்கா சொன்னது உண்மைதான். 2025 ஜூன் கடைசியில ஒன்ராறியோ மாகாணக் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையை (டி.டி.எஸ்.பி.) தன்ர பொறுப்பில எடுத்தவர். ரோஹித் குப்தா எண்டவரை மேற்பார்வையாளரா நியமிச்சவை. சனம் தெரிவு செய்த சபை உறுப்பினர், அதாவது 22 ட்ரஸ்டிமார், கூடி வாக்கெடுத்துச் செய்த வேலை எல்லாத்தையும் இப்ப அவர் ஒருத்தர் செய்யிறார். அந்த நேரம் சபைக்குத் தலைவரா இருந்தவர் நீதன் ஷான், எங்கட ஆள். எங்கட வீட்டில எல்லாரும் குளிருக்குள்ள நிண்டு வாக்குப் போட்டனாங்கள். நாங்கள் தெரிவு செய்த ஆக்களை ஒரு கையெழுத்தால ஓரமா இருத்தினது எனக்கு இண்டைக்கும் பொறுக்கேல்லை.

மோர்னிங்சைட் மாமி
பிள்ளை, பயப்பிடாதேங்கோ, இது புதுசு இல்லை. நாங்கள் வந்து கொஞ்சக் காலத்தில, 2002ல, இதே சபையை அப்ப இருந்த அரசாங்கமும் எடுத்தது. கேட்ட மாதிரி வரவுசெலவைச் சமப்படுத்த மாட்டம் எண்டு ட்ரஸ்டிமார் நிண்டவை, போல் கிறிஸ்டி எண்டு ஒருத்தரை மேற்பார்வைக்கு அனுப்பினவை. அந்தக் காலம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. இவர் இரவு வேலை, நான் பேஸ்மென்டில ரெண்டு சின்னப் பிள்ளையளோட. பள்ளிக்கூடத்தால வாற கடிதம் ஒண்டையும் வாசிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெட்டையைப் பிடிச்சுத்தான் விளங்கிக்கொள்ளுறது. முதல் பனியில மூத்தவனுக்குச் சப்பாத்து இல்லை. நீங்கள் முதல்ல பிள்ளைக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கோ.

வார்டன் அப்பா
குலுக்கல் கதையை நான் தெளிவுபடுத்துகிறேன். அது எல்லாப் பள்ளிக்கும் கிடையாது. கலை, கணிதம்-அறிவியல் போன்ற சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டும். மதிப்பெண்ணும் ஆடிஷனும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே கதவு திறக்கின்றன என்று 2022-ல் ட்ரஸ்டிகள் குலுக்கலுக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளர் வந்ததும் அதை எடுத்துவிட்டு, திறமை பார்த்துச் சேர்க்கும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். என் மகள் வெக்ஸ்ஃபர்ட் கலைப்பள்ளிக்காக வருடக்கணக்கில் ஓவியம் பழகுகிறாள். அந்த உழைப்பை யாராவது பார்க்க வேண்டாமா? எனக்கு இந்த முடிவில் முழுச் சம்மதம்.

கென்னடி கலா
உங்கள் மகளுக்கு ஓவிய வகுப்புக்குப் பணம் கட்ட நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளை ஆடிஷனுக்கு எதைக் கொண்டுபோகும்? அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் 2022-ல் வாக்களித்தார்கள். முடிவு சரியோ தவறோ, அன்றைக்கு சபைக் கூட்டத்தில் பெற்றோர் போய்ப் பேச முடிந்தது. மாற்றியபோது அந்தக் கூட்டமே இல்லை. என் வருத்தம் அதுதான்.

ரூஜ் ராசன்
காசை வீணாக்கினவை எண்டுதான் அரசாங்கம் காரணம் சொல்லுது. 1998க்கு முந்தி சபைக்குத் தானே வரி போடுற அதிகாரம் இருந்தது. அதைப் பிடுங்கிப்போட்டு, பிள்ளை எண்ணிக்கையைப் பாத்து மாகாணம்தான் காசு அளந்து குடுக்குது. பாதி காலியாக் கிடக்கிற பள்ளிக்கூடத்தை மூடலாம் எண்டால் 2017ல இருந்து அதுக்கும் தடை. ரெண்டு கையையும் கட்டிப்போட்டு ஏன் நீந்தேல்லை எண்டு கேட்டா எப்பிடி?

வார்டன் அப்பா
கையைக் கட்டினாலும் கணக்கு கணக்குத்தான். டொராண்டோ கத்தோலிக்க சபை, ஒட்டாவா-கார்ல்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்க சபை என்று மற்ற மூன்றையும் அதே நாளில்தான் எடுத்தார்கள். எல்லார் மேலும் அரசுக்குப் பகையா?

டான் மில்ஸ் டீச்சர்
ஒரு பையன் வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறான். முதலில் அதைப் பார்ப்போம்.

மதுரைக்காரி, நாலு விஷயம் சொல்லுங்கள். பையனுக்கு என்ன வயது? நீங்கள் பி.ஆரா (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி), வேலை அனுமதியில் வந்தவர்களா? வாடகை ஒப்பந்தம் உங்கள் பேரில் இருக்கிறதா? போன பள்ளியின் பெயர்ப்பலகையில் கத்தோலிக்கப் பள்ளி என்று இருந்ததா? பெயரை இங்கே எழுத வேண்டாம்.

மதுரைக்காரி
13 வயசு, எட்டாவது. பி.ஆர்ல வந்தோம். இருக்கிறது மாமா வீட்டு பேஸ்மென்ட், ஒப்பந்தம்னு எதுவும் இல்லை. ஆமா, பேருல செயின்ட் இருந்துச்சு. ஞானஸ்நானம் பத்தி ஏதோ கேட்டாங்க. நாங்க இந்து.

ரூஜ் ராசன்
கத்தோலிக்கப் பள்ளியில எல்லாரையும் எடுப்பினம். எங்கட ஒழுங்கையில சைவப் பிள்ளையள் எத்தினை பேர் படிக்கினம்!

டான் மில்ஸ் டீச்சர்
அவர்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவர்கள், அண்ணா. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதம் தடை இல்லை. எட்டு வரைக்கும் டொராண்டோ கத்தோலிக்க சபை ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும்.

ஆக, மதுரைக்காரி, உங்களைத் திருப்பி அனுப்பியதற்கும் மேற்பார்வையாளருக்கும் சம்பந்தம் இல்லை, குலுக்கலுக்கும் இல்லை. இந்த ஊரில் அரசுப் பணத்தில் நடக்கும் சபைகள் நாலு: ஆங்கிலத்தில் பொதுச்சபை, கத்தோலிக்க சபை, பிரெஞ்சிலும் அதேபோல் இரண்டு. உங்களுக்கு வேண்டியது ஆங்கிலப் பொதுச்சபை, அதாவது டி.டி.எஸ்.பி. அதன் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் உங்கள் பள்ளி எது என்று காட்டும். நாளைக் காலையே அங்கே ஃபோன் போடுங்கள். உங்கள் முகவரிக்குரிய பள்ளியில் சேர எந்தத் தேர்வும் கிடையாது, ஆண்டின் நடுவிலும் சேர்க்க வேண்டும். ஒன்ராறியோவில் 6 முதல் 18 வயது வரை பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம்.

பையனின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், பி.ஆர் தாள், தடுப்பூசி அட்டை, பழைய மார்க் ஷீட் எல்லாம் கொண்டுபோங்கள். முகவரிக்கு, நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள் என்று மாமாவிடம் ஒரு கடிதம், கூடவே அவர் பேரில் உள்ள ஹைட்ரோ பில் (மின்கட்டண ரசீது) அல்லது சொத்துவரி ரசீது. எதை ஏற்பார்கள் என்று ஃபோனிலேயே கேட்டுவிட்டால் இரண்டு நடை மிச்சம். தமிழ் பேசுகிற குடியேற்ற உதவியாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பல பள்ளிகளுக்கு அப்படி ஒருவர் வந்துபோகிறார்.

வேலை அனுமதியில் வந்த வேறு யாராவது இதைப் படித்தால்: நீங்கள் முதலில் சபையின் அனுமதி அலுவலகத்தில் சேர்க்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு, பிறகு பள்ளிக்குப் போங்கள்.

கென்னடி கலா
இந்தப் பள்ளியிலும் ஏதாவது இழுத்தால்? முன்னாடி ட்ரஸ்டிக்கு ஒரு ஃபோன் போடுவோம், அவர் அலுவலகத்தில் தமிழிலேயே கேட்பார்கள்.

டான் மில்ஸ் டீச்சர்
அந்த வழி இப்போது இல்லை, அது எனக்கும் வருத்தம். பிரின்சிபல், அவர் கேட்காவிட்டால் அந்தப் பகுதிப் பள்ளிகளைப் பார்க்கும் சூப்பரின்டென்டன்ட், அவர் பெயர் பள்ளியின் இணையப் பக்கத்திலேயே இருக்கும், அதற்கும் மேல், மாணவர்-குடும்ப ஆதரவு அலுவலகம். ட்ரஸ்டிகள் கேட்ட புகார்களைக் கேட்கத்தான் அரசு அதைத் திறக்கச் சொன்னது. ஃபோனில் பேசினாலும் பின்னாலேயே ஒரு மின்னஞ்சல் எழுதி வையுங்கள். யாரோடு எந்தத் தேதியில் என்ன பேசினீர்கள் என்று அதில் இருக்கட்டும்.

மதுரைக்காரி
ரொம்ப நன்றி டீச்சர், இப்பதான் மூச்சு வருது. ஒண்ணே ஒண்ணு. பையன் நல்லா வரைவான், வார்டன் அப்பா சொன்ன கலைப்பள்ளிக்குப் போக முடியுமா? தடுப்பூசி அட்டையில எல்லாம் போட்டிருக்கு, அரசு ஆஸ்பத்திரியில போட்டது.

வார்டன் அப்பா
சகோதரி, சிறப்புப் பிரிவுகளுக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். ஆனாலும் எட்டாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே, இடம் காலியானால் தாமதமாக வந்தவர்களை எடுப்பார்களா என்று கைடன்ஸ் ஆசிரியரிடம் கேளுங்கள். பையன் வரைந்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். என் மகளின் கோப்பை வேண்டுமானால் காட்டுகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள்.

டான் மில்ஸ் டீச்சர்
அட்டையில் மெனிஞ்சைட்டிஸ் (மூளைச்சவ்வுக் காய்ச்சல்), சின்னம்மை இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இந்திய அரசின் தடுப்பூசி அட்டவணையில் அவை வராது, இங்கே கேட்பார்கள். இல்லாவிட்டால் பதறாதீர்கள், சேர்க்கை அதற்காக நிற்காது. டொராண்டோ பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வரும். அதை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது, 20 பள்ளி நாள் வரை வகுப்புக்கு வராதே என்று நிறுத்த அவர்களால் முடியும். மெனிஞ்சைட்டிஸ் ஊசியை ஏழு, எட்டாம் வகுப்புக்குப் பள்ளிக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். அடுத்த முறை எப்போது வருவார்கள் என்று நாளைக்கே ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.