கதிர்சிகிச்சைத் திட்டத்துக்கான பில்லிங் கோடு 77317 திரும்பத் திரும்ப டினை (மறுப்பு) ஆகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் அமெரிக்க ஆன்காலஜி (புற்றுநோய் சிகிச்சை) காப்பீட்டு கிளைம்களுக்கு கோடிங் செய்கிறேன், அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய பில்லிங் எண்ணைப் போடுவது. கருப்பை வாய்ப் புற்றுநோய், எச்டிஆர் பிராக்கிதெரபி (உடலுக்குள் கருவி வைத்து அதிக வேகத்தில் கதிர் கொடுப்பது), 5 அமர்வுகள். கருவியில் ஒரு டாண்டம் (கருப்பைக்குள் போகும் குழாய்), இரண்டு ஓவாய்டு (கருப்பை வாயின் இருபுறமும் வைப்பவை), ஆக 3 சேனல் (கதிர்மூலம் செல்லும் பாதை), அதனால் சிகிச்சைக்கு 77771. கருவி பொருத்தியதற்கு 57155. அடிப்படை டோசிமெட்ரி (கதிர் அளவுக் கணக்கு) 77771-லேயே அடங்கிவிடுவதால் அதற்கான 77300 தனியாகப் போடவில்லை. இதுவரை சரி.

சிக்கல் 77317-ல்தான். ஒவ்வொரு முறையும் கருவியைப் புதிதாகப் பொருத்தி, சிடி எடுத்து, புதுத் திட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் நாளுக்குப் பணம் வந்தது, மீதி நான்கும் மறுப்பு. மூன்றாம் நாள் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்ததால் திட்டத்தை மாற்றியதுகூடக் குறிப்பில் இருக்கிறது. இந்த பில் அந்த அம்மா தலையில் விழக்கூடாது.

அப்பீலில் ஜெயித்தவர்கள் என்னென்ன இணைத்தீர்கள்? மருத்துவர், இயற்பியலாளர் கையெழுத்தோடு அந்தந்தத் தேதியிட்ட திட்ட அறிக்கை போதுமா? வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.