ஸ்கைவிங் என்பதற்கு ‘ஓரமெலிப்பு’: சிற்றுருத் தோல்வேலைக்கான ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

பழைய கையுறை, கைப்பை, பணப்பை ஆகியவற்றின் தோலைக் கொண்டு பொம்மை வீட்டுக்குரிய பெட்டி, இடைவார், காலணி முதலிய சிற்றுருக்களைச் செய்யும் கலைக்கான சொற்பட்டியலில், தோலின் விளிம்பைச் சரிவாகக் குறைத்து மெல்லியதாக்கும் ‘ஸ்கைவிங்’ (skiving) என்பதற்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. முன்வைக்கப்பட்டுள்ள ‘தோல் சீவல்’, ‘இழைப்பு’ ஆகிய இரண்டையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ‘ஓரமெலிப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

சிற்றுருக்கள் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுவதால், 1.2 மி.மீ. தடிமனுள்ள கைப்பைத் தோலை அப்படியே பயன்படுத்தினால், அது உண்மையான பெட்டியில் 14.4 மி.மீ. தடிமனுக்கு, அதாவது ஒரு மரப்பலகையின் கனத்துக்கு, ஈடாகிவிடும். அரை மில்லிமீட்டரே உள்ள கையுறைத் தோலும் ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டும்போது இரட்டித்துப் புடைத்து நிற்கும். ஆகவே தோலை உட்புறம் மேலே தெரியுமாறு கண்ணாடித் துண்டின்மீது விரித்து, சவர அலகைப் படுக்கைவாட்டில் பிடித்து, மடிப்பு விழும் இடத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சரிவாகக் குறைத்துக்கொண்டே போகிறோம். மறுபுறமே பார்வைக்கு வரும் முகம் என்பதால் அதைத் தொடுவதில்லை.

‘தோல் சீவல்’ என்றதும் காய்கறி நினைவுக்கு வருவது மட்டும் அதன் குறையன்று. அங்கே தோல் நீங்குகிறது, இங்கே தோல் எஞ்சவேண்டும். ‘இழைப்பு’ தச்சருடைய சொல். பரப்பு முழுவதையும் சமப்படுத்துவதையே அது உணர்த்தும், சரிவை உணர்த்தாது. மேலும், விரல்நகம் அளவேயான துண்டில் அலகு பட்டால் தோல் கிழிந்துவிடும் என்பதால், பலர் உப்புத்தாளால் தேய்த்தே அதே பயனைப் பெறுகின்றனர். எனவே கருவியை வைத்துப் பெயரிடுவதைவிட விளைவை வைத்துப் பெயரிடுவதே பொருந்தும். யாப்பில் ‘மெலித்தல்’ வேறு பொருளில் (வல்லெழுத்தை மெல்லெழுத்தாக்குதல்) வழங்குகிறதே என்று இலக்கணம் கற்றோர் கேட்கக்கூடும். செய்யுள் விகாரத்தையும் செருப்பு வாரையும் குழப்பிக்கொள்பவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

செயற்கைத் தோலுக்கு இச்சொல்லை விரிக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். அது துணியின்மேல் பூசப்பட்ட படலம். சரிவாகச் சீவினால் துணியிழைகள் பிரிந்துவிடும். பின்துணியை உரித்தெடுத்துப் படலத்தை மட்டும் பயன்படுத்துவது தனிச்செயல், அதற்கு ‘பின்துணி உரிப்பு’ போதுமானது. துண்டு முழுவதையும் ஒரே சீராகக் குறைப்பதற்கு ‘முழுமெலிப்பு’ இயல்பாகவே அமையும்.

பட்டியலில் சேர்ப்பதற்கான வரைவு:

ஓரமெலிப்பு: மடித்து ஒட்டுவதற்கோ மற்றொரு துண்டின்மேல் இணைப்பதற்கோ உரிய இயற்கைத் தோலின் விளிம்பை, உட்புறத்திலிருந்து சரிவாகக் குறைத்தல்.