புதுப்பிப்பு: அம்மாவின் கண் அழுத்தம், லேசர் செய்தாயிற்று

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு 67 வயது, கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதித்துப் பார்வையைக் குறைக்கும் நோய்), கண் அழுத்தம் கூடி 26, டிமோலால் சொட்டு மருந்து விட ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் மூச்சிழுப்பு, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "எஸ்எல்டி லேசரைப் பற்றிக் கேளுங்கள்" என்ற யோசனைதான்; கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் வழியை லேசரால் சீராக்கி அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை அது. அந்தப் பதிலில் சொல்லியிருந்த லைட் (LiGHT) என்ற ஆய்வையும் தேடிப் படித்தேன்: பிரிட்டனில் 718 பேர், ஒரு பிரிவுக்கு முதலில் லேசர், மற்றதற்குச் சொட்டு மருந்து, 2019இல் வந்த மூன்று ஆண்டு முடிவின்படி லேசர் பிரிவில் சுமார் 74 சதவீதம் பேருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை.

டாக்டரும் சரி என்றார். மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணில் ஒரு லென்ஸை வைத்து, கண்ணுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "பச்சையா மின்னிச்சு, அவ்ளோதான்" என்றார் அம்மா. இரண்டு நாள் லேசான சிவப்பு. ஆறு வாரம் கழித்து வலது 17, இடது 18.

எதிர்பாராதது இழுப்பு விஷயம். டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடிய வகை மருந்து; கண்ணில் விட்டாலும் மூக்கு வழியே இறங்கி ரத்தத்தில் கலக்குமாம். ஆஸ்துமா இருப்பதை அம்மா டாக்டரிடம் சொல்லவேயில்லை, கண்ணுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாராம்! மருந்தை நிறுத்தியதும் இழுப்பும் நின்றது.

அப்புறம், முதல் ஃபீல்டு டெஸ்ட் (பக்கப் பார்வை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை) படுமோசமாக வந்ததற்குப் பாதிக் காரணம் அம்மாவின் தூக்கக் கலக்கம். காலையில் திரும்ப எடுத்தபோது கறுப்புத் திட்டுகள் நன்றாகக் குறைந்திருந்தன. போன பார்வை திரும்பாது, லேசர் பலனும் நாளடைவில் குறையலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு.